தலையில் மாட்டு, தொகையைக் கூட்டு!

மூக்குக்கு மேலே ஒரு டப்பாவைக் கட்டிக்கொண்டு, எதிரே யாருமே இல்லாத கூடத்தில் வாள் வீசுகிற ஆளைப் பார்த்தால் அந்தக் காலத்தில் உடனே வேப்பிலை அடித்திருப்பார்கள். இப்போது, ‘என்ன மாடல் சார்? எவ்வளவு ஆச்சு?’ என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால், ‘எவ்வளவு ஆச்சு’ என்பதற்குப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலை பதில் ஆகாது.

வி.ஆர். ஹெட்செட் என்கிற இந்தச் சாமானுக்குள் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படம் ஓடுகிறது. இரண்டும் கொஞ்சம் வித்தியாசமான கோணம். மூளை அவற்றை ஒன்றாக்கி, ‘இது கிட்டே, அது தூரத்தில்’ என்று நம்பிவிடுகிறது. நீங்கள் தலையைத் திருப்பினால், அதைக் கண்டுபிடித்து உள்ளே இருக்கும் உலகமும் திரும்புகிறது. முதல் முறை மாட்டுகிற எவருக்கும் ‘அட!’ என்று வாய் பிளக்கும். அந்த ‘அட’வுக்குத்தான் காசு.

நான் பி.காம். பிக்ஸல் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்கிற ரகம். ஆகவே, மச்சினன் வீட்டில் ஒன்று, நண்பர்கள் வீட்டில் இரண்டு என்று இரவல் மாட்டிப் பார்த்துவிட்டு, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். கீழே வரும் விலையெல்லாம் அமெரிக்காவில் கம்பெனிகள் அறிவித்த டாலர் விலை. நம்ம ஊருக்கு வந்து சேர்வதற்குள் வரி, கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

களத்தில் நால்வர்

முதலில் மெட்டா க்வெஸ்ட் 3எஸ். 2024 அக்டோபரில் 300 டாலருக்கு வந்தது. கம்ப்யூட்டர் வேண்டாம், வயர் வேண்டாம். எல்லாம் தலையிலேயே. இரண்டு கைக்கும் இரண்டு பிடி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. குறை, கண்ணாடியில். கலங்கரை விளக்கத்துக்காகக் கண்டுபிடித்த ஃப்ரெனல் ரக லென்ஸ் இது. நடுவில் பளிச், ஓரத்தில் லேசாகக் கலங்கல். கண்ணை உருட்டாமல் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

அதன் அண்ணன் க்வெஸ்ட் 3. 2023 அக்டோபர், 500 டாலர். உள்ளே ஓடுகிற மூளை இரண்டுக்கும் ஒன்றேதான். அதனால் அதில் ஓடும் விளையாட்டு இதிலும் ஓடும். கூடுதல் 200 டாலர் முக்கியமாகக் கண்ணாடிக்கும் திரைக்கும்தான். ஓரம் வரை தெளிவு, எழுத்துகள் கூர்மை. இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும் அல்லவா? தம்பியில் அதற்கு மூன்றே நிலைகள், அண்ணனில் சக்கரத்தைத் திருகி நமக்குத் தோதாக வைத்துக்கொள்ளலாம். பாட்டரி இரண்டிலும் சுமார் இரண்டு, இரண்டரை மணி நேரம். (வீட்டம்மாக்கள் இதை ஒரு வசதியாகக் கருதுகிறார்கள்.)

மூன்றாவது சோனியின் ப்ளே ஸ்டேஷன் வி.ஆர்.2. 2023 பிப்ரவரியில் 550 டாலருக்கு வந்தது. 2025 மார்ச்சில் 400 ஆக இறங்கியது. இருட்டு என்றால் நிஜமான இருட்டைக் காட்டும் ஓ.எல்.இ.டி. திரை. கிரான் டூரிஸ்மோ 7 கார் பந்தயத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டான். ஆனால் ஓர் ஒற்றை வயர் உண்டு. அதன் மறுமுனையில் ப்ளே ஸ்டேஷன் 5 இருந்தாக வேண்டும்! 2024-ல் கம்ப்யூட்டரோடு இணைக்க 60 டாலருக்குத் தனியாக ஓர் அடாப்டர் விட்டார்கள். இணைத்தால் சில நல்ல வசதிகள் வேலை செய்யாது.

நான்காவது வால்வ் இண்டெக்ஸ். 2019-ல் வந்த பழைய ஜமீன்தார். முழு செட் 999 டாலர். அறையின் மூலைகளில் காவல் தெய்வம் மாதிரி இரண்டு பெட்டிகளை மாட்ட வேண்டும். நல்ல கம்ப்யூட்டரும் வேண்டும். 2025 நவம்பரில் வால்வ் கம்பெனியே ஸ்டீம் ஃப்ரேம் என்று அடுத்த வாரிசை அறிவித்துவிட்டது.

‘ஆப்பிள் விஷன் ப்ரோவை விட்டுட்டீங்களே?’ என்பீர்கள். 2024-ல் 3,499 டாலருக்கு வந்தபோது விளையாடக் கைப்பிடியே இல்லாமல் வந்தது. அது வேறு சாதி சாமான். நகர்வோம்.

மணிக்கு எவ்வளவு?

இப்போது கணக்கு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம், இரண்டு வருஷம் விளையாடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 208 மணி நேரம். பீட் சேபர் விளையாட்டின் விலை 30 டாலர். அந்த மாதிரி நாலு வாங்கினால் 120.

க்வெஸ்ட் 3எஸ்: 300 கூட்டல் 120, ஆக 420. மணிக்கு இரண்டு டாலர்.

க்வெஸ்ட் 3: 620. மணிக்கு மூன்று டாலர்.

சோனி: ப்ளே ஸ்டேஷன் 5 ஏற்கெனவே வீட்டில் இருந்தால் 520. மணிக்கு இரண்டரை. இல்லாவிட்டால் அதற்கு 550 (2025 ஆகஸ்ட் விலை) சேர்த்து 1,070. மணிக்கு ஐந்துக்கு மேல்.

இண்டெக்ஸ்: கம்ப்யூட்டர் ஓர் ஆயிரம் டாலர் என்று வைத்தால் மணிக்குப் பத்து.

பார்த்தீர்களா? 400 டாலர் சாமான் ஒரு வீட்டில் மலிவு, பக்கத்து வீட்டில் இரட்டை விலை. கடையில் இருப்பதைவிட உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

இதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. மேலே சொன்னதில் மிக மலிவான 3எஸ்ஸை வாங்கி, பத்தே மணி நேரம் விளையாடிவிட்டுப் பரணில் போட்டால்? மணிக்கு 42 டாலர்! நால்வரில் எவரை வாங்கினாலும் கவலைப்பட வேண்டிய எதிரி பரண்தான்.

ஏன் பரணுக்குப் போகிறது?

முதல் காரணம், காது. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, ‘நீ சோபாவில் உட்கார்ந்திருக்கிறாய்’ என்கிறது. கண், ‘இல்லை, மலை வளைவில் பறக்கிறாய்’ என்கிறது. இருவர் சண்டையில் வயிறு புரட்டுகிறது. கொடைக்கானல் பஸ்ஸின் அதே கதைதான், தலைகீழாக. என் மச்சினன் வீட்டில் பீட் சேபரில் முக்கால் மணி நேரம் கட்டைகளை வெட்டித் தள்ளினேன், ஒன்றும் ஆகவில்லை. கார் பந்தயம் போட்ட ஆறாவது நிமிஷம், “மாப்பிள்ளை, ஒரு எலுமிச்சம்பழம்” என்று கேட்கும்படி ஆனது. காரணம் எளிது. முதலாவதில் நான் நின்ற இடத்தில் நிற்கிறேன், கட்டைகள் என்னிடம் வருகின்றன. இரண்டாவதில் உடம்பு நிற்க, உலகம் ஓடுகிறது. எனவே எந்த ஹெட்செட் என்பதோடு, எந்த விளையாட்டு என்பதும் கேள்வி.

இரண்டாவது, இடம். நின்று ஆட ஆறரை அடிக்கு ஆறரை அடி காலி இடம் வேண்டும் என்கிறார்கள். நம்ம வீட்டுக் கூடத்தில் சோபா, டி.வி. ஸ்டாண்டு, தையல் மிஷின் போக மிச்சம் எவ்வளவு? தரையில் எல்லைக்கோடு தாண்டினால் மெஷின் எச்சரிக்கும். மேலே சுற்றுகிற ஃபேனைப் பற்றி அதற்குத் தெரியாது. கையை உயர்த்துகிற விளையாட்டென்றால் ஃபேனை நிறுத்துங்கள். நிறுத்தினால் அரை கிலோவை முகத்தில் கட்டிக்கொண்டு மே மாதத்தில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது உங்கள் சாமர்த்தியம்.

மூன்றாவது, மூக்குக் கண்ணாடி. பவர் உள்ளவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். லென்ஸோடு லென்ஸ் உரசினால் இரண்டுக்குமே கீறல்.

மலிவாக விற்பவரின் மனசு

300 டாலருக்கு இவ்வளவு எப்படித் தர முடிகிறது? மெட்டாவின் இந்தப் பிரிவு 2024-ல் மட்டும் காட்டிய நட்டம் சுமார் 1,770 கோடி டாலர்! விளக்கை அடக்க விலைக்கோ அதற்கும் கீழேயோ கொடுத்துவிட்டு எண்ணெயில் சம்பாதிக்கிற வியாபாரம். எண்ணெய் என்பது அவர்களுடைய கடையில் நாம் வாங்கும் விளையாட்டுகள், அவர்களிடம் நாம் திறக்கும் கணக்கு. 2020-ல் க்வெஸ்ட் 2 வந்தபோது ஃபேஸ்புக் கணக்கு இல்லாமல் திறக்கவே முடியாது என்றார்கள். 2022-ல்தான் அந்த நிபந்தனையை விலக்கினார்கள். அதே 2022-ல் அதே பழைய மாடலுக்கு 100 டாலர் விலையை ஏற்றினார்கள். சாமான் பழசானால் விலை குறையும் என்று எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் பாவம்!

தேய்மானம் என்று எங்கள் பாடத்தில் ஒன்று உண்டு. இந்த வர்க்கத்துக்கு அது அதிகம். நின்டெண்டோ 1995-ல் 180 டாலருக்கு விட்ட வர்ச்சுவல் பாய் சிவப்பு நிறம் மட்டும் காட்டியது, ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கூகுளின் டே ட்ரீம் 2016-ல் பிறந்து 2019-ல் கண்ணை மூடியது. 2019-ல் வந்த முதல் க்வெஸ்ட்டுக்குப் புது வசதிகள் கிடையாது என்று 2023-ல் கைவிரித்தார்கள். சோனியின் முதல் வி.ஆருக்காக வாங்கிய விளையாட்டுகள் இரண்டாவதில் அப்படியே ஓடாது. ஆகவே ஆயுள் நாலு வருஷம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பேரனுக்கு ஆகும் என்று வாங்கி வைக்கிற பித்தளை அண்டா இல்லை இது.

சரி, எதை வாங்க?

வீட்டில் ஏற்கெனவே ப்ளே ஸ்டேஷன் 5 இருந்து, கார் பந்தயமும் திகிலும் பிடிக்குமானால் சோனி. முதல் முறை வாங்குபவர், ‘பிடிக்குமோ பிடிக்காதோ’ என்று இழுப்பவர், 3எஸ்ஸைத் தாண்ட வேண்டாம். நல்ல கம்ப்யூட்டர் வைத்திருப்பவரும், தினம் ஒரு மணி நேரம் மாட்டுவேன் என்று மனசாட்சிப்படி சொல்லக்கூடியவரும் க்வெஸ்ட் 3 வாங்கலாம். கம்ப்யூட்டரோடு இணைத்தால் ஹாஃப் லைஃப்: அலிக்ஸ் மாதிரி பெரிய விளையாட்டுகளும் அதில் ஓடும். இண்டெக்ஸை யாராவது பாதி விலைக்குத் தந்தாலும் இரண்டு தடவை யோசியுங்கள். பிள்ளைகள் விஷயத்தில், பத்து வயதுக்குக் கீழே கூடாது என்கிறது மெட்டா. பன்னிரண்டு என்கிறது சோனி. நான் சோனி கட்சி.

பணத்தை எண்ணுவதற்கு முன்னால் தெரிந்தவர் வீட்டிலோ விளையாட்டுக் கூடத்திலோ அரை மணி நேரம் மாட்டிப் பாருங்கள். கழற்றும்போது, “அதுக்குள்ள அரை மணி ஆயிடுச்சா?” என்று கேட்டால் தாராளமாக வாங்கலாம். “இன்னுமா அரை மணி ஆகலை?” என்று கேட்டால், பர்ஸை மூடி உள்ளே வைத்துவிட்டு அந்த வீட்டில் ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.