சைக்கிள் கையுறை: வாங்குபவரும் விற்பவரும் கவனிக்க வேண்டியவை

சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நம் கண்முன்னே நிற்கின்றன. ஆனாலும், 2022 ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தபோது, திருகோணமலை வியாபாரிகளாகிய நாமும் வரிசையில்தான் நின்றோம். பலர் வீட்டு மூலையில் கிடந்த சைக்கிளைத் தூசு தட்டினார்கள். வரிசைகள் போய்விட்டன, சைக்கிள் பழக்கம் சிலரிடம் நிலைத்துவிட்டது. மீன் பெட்டி கட்டி ஓடுபவர்களோ என்றுமே அதை விட்டதில்லை.

இவர்களில் பலர் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: சின்னவிரலும் மோதிரவிரலும் விறைத்துப் போகின்றன. உள்ளங்கையின் அடிப்பகுதியில், சின்னவிரல் பக்கமாக ஒரு நரம்பு ஓடுகிறது. உடல் பாரம் ஹேண்டிலில் இறங்கும்போது அது நசுங்குகிறது. கையால் உழைப்பவருக்கு இது சிறு விடயமல்ல. நல்ல கையுறை அந்த அழுத்தத்தைக் குறைக்கும். விழுந்தால் முதலில் தரையில் ஊன்றுவது கைதான். தோலையும் அது காக்கும்.

எப்படித் தெரிவு செய்வது?

முதலில் அளவு. பெருவிரலை விட்டுவிட்டு, விரல் மூட்டுகளுக்குக் கீழே உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளக்க வேண்டும். ஒரு கம்பனியின் நடுத்தர அளவு இன்னொரு கம்பனியில் சிறியதாக இருக்கும். ஆகவே போட்டு, ஹேண்டிலைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உள்ளங்கையில் துணி மடிந்தால் பெரிது. விரலிடுக்கில் இழுத்தால் சிறிது.

இரண்டாவது மெத்தை. தடிப்பாக இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அளவுக்கு மீறிய தடிப்பு பிடியைத் தளர்த்தும். விரல்கள் கூடுதலாக இறுக்கிப் பிடித்துக் களைத்துவிடும். மெல்லியதாக, அமத்தினால் மீண்டும் எழும்புவதாக, உள்ளங்கை அடியில் சரியாக அமர்வதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது துணி. நம் ஊர் வெயிலுக்குப் புறங்கை வலைத்துணியாகவும் விரல் நுனிகள் திறந்தும் இருப்பது நல்லது. உள்ளங்கைக்குக் கழுவக்கூடிய செயற்கைத் தோல் பொருத்தம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இரட்டைத் தையல் உள்ளதா என்று பாருங்கள். முதலில் பிரிவது அந்த இடம்தான். பெருவிரலின் மேல் துவாய்த் துணி இருந்தால் வியர்வை துடைக்க உதவும். நம் நாடு இறப்பர் கையுறை உற்பத்தியில் பெயர் பெற்றது. ஆனால் அந்த வகை இதற்கு உதவாது, உள்ளே வியர்த்து ஊறிவிடும்.

கழுவும்போது ஒட்டுப்பட்டியை மூடி, இலேசான சவர்க்காரத்தில் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும்.

கடைக்காரச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. மொத்தமாக எடுக்குமுன் இரண்டு சோடி வாங்கி, தினமும் சைக்கிள் ஓடும் ஒருவரிடம் இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். விற்கும்போது போட்டுப் பார்க்க விடுங்கள். கையுறை மாற்றியும் விறைப்புத் தொடர்ந்தால், இருக்கையின் மூக்கு கீழே சரிந்து பாரத்தைக் கைக்குத் தள்ளுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் தீரவில்லையென்றால் வைத்தியரிடம் அனுப்புங்கள். இன்னொரு சோடியை விற்காதீர்கள். அன்று ஒரு விற்பனை குறையலாம். ஆனால் கிண்ணியாப் பாலம் கடந்து வரும் அந்த மனிதர், அடுத்த முறை டயர் வாங்கவும் உங்கள் கடையைத்தான் தேடி வருவார்.