ஒழுகாத கொட்டகைக் கூரையின் ரகசியம் தெரியுமா?

ஐப்பசி பிறந்தால் அடைமழை. அதற்குள் தோட்டத்து மூலையில் ஒரு கொட்டகை போட்டாக வேண்டும். மண்வெட்டி, உர மூட்டை, மோட்டார், பேரனின் பழைய சைக்கிள் எதுவும் நனையக் கூடாது. எந்தக் கூரை நல்ல கூரை என்று திருச்சியில் பத்துப் பேரைக் கேளுங்கள், பதினோரு பதில் வரும்! பதிலைத் தேடிக் கிளம்பினால் உறையூரில் தொடங்கி லண்டன் துறைமுகம் வரை ஆச்சரியங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வாருங்கள், ஒரு சுற்று வரலாம்.

ஒரு குட்டிக் கொட்டகை மேல் எவ்வளவு தண்ணீர் விழும்?

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 10க்கு 10 அடிக் கொட்டகை ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர். ஒரே இரவில் 10 செ.மீ. மழை கொட்டினால்? 930 லிட்டர்! அத்தனையும் ஒரே ஒரு ஆணித் துளை அகப்படாதா என்று தேடிக்கொண்டே இறங்கும்.

கூரையே வேண்டாம் என்ற அம்மன்!

உறையூர் வெக்காளியம்மனுக்குக் கருவறைக் கூரை கிடையாது. வெயில், மழை, பனி எல்லாம் அம்மன் தலைமேல்தான். மண்மாரி பெய்து உறையூர் மூடிப்போனபோது மக்கள் வீடிழந்து நின்றார்களாம். அவர்கள் அத்தனை பேருக்கும் வீடு அமையும்வரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் சொல்லிவிட்டதாக ஐதீகம். ரோமாபுரியின் பாந்தியன் கோயிலிலும் குவிமாட உச்சியில் சுமார் 27 அடி அகல ஓட்டை உண்டு. மழை உள்ளேயே விழும். தரையில் லேசாக வாட்டம் விட்டு, துளை போட்டு வடித்துவிட்டார்கள்!

ஒட்டே இல்லாத கூரை மலைக்கோட்டையில்!

கூரை ஒழுகுவது பெரும்பாலும் ஒட்டுப் போட்ட இடத்தில்தான். ஒட்டே இல்லையென்றால்? மலைக்கோட்டையில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயிலில் தரை, தூண், கூரை எல்லாம் ஒரே பாறை. ஆனால் பாறைக்கும் ஒரு சிக்கல் உண்டு. குகை நெற்றியில் வழியும் தண்ணீர் கீழே விழாமல், பாறையை ஒட்டிக்கொண்டே உள்பக்கம் ஊர்ந்துவிடும். மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குகைகளில் இதற்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். பாறை நெற்றியில் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அங்கே வந்ததும் தண்ணீர் பிடி விட்டுச் சொட்டிவிடும். இன்று சன்ஷேடின் அடியில் கொத்தனார் இழுத்துவிடும் பள்ளக் கோட்டுக்கும் அதே வேலைதான்!

கீழடி ஓட்டில் விரல் தடம்!

கீழடி அகழாய்வில் கிடைத்த கூரை ஓடுகளின் மேல்முனையில் இரண்டு துளைகள். மரச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டத்தான். ஓட்டின் முதுகிலே விரலால் இழுத்த பள்ளங்கள். மழைநீர் அந்த வழியே ஓடி இறங்கும். நழுவாத பிடி, தண்ணீருக்கு ஒரு வழி. கூரைக்குத் தேவையான இரண்டும் அந்த ஒரு ஓட்டிலேயே இருக்கின்றன!

கூரைக்குக் கடுக்காயும் வெல்லமும்?

ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திரை வீதிகளின் பழைய மாடி வீடுகளில் அண்ணாந்து பாருங்கள். தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் குத்துவாக்கில் அடுக்கிய செங்கல். இதுதான் மெட்ராஸ் டெரஸ். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்டத் தளம் இறுகும், விரிசல் மூடும். கடைசியில் தட்டோடு பதித்து, வாட்டம் பார்த்து முடிப்பார்கள். சிமென்ட் ஒரு பொட்டுக் கிடையாது!

ஸ்ரீரங்கத்துப் பெரிய கோயிலோ 156 ஏக்கர்! அங்கே கூரைத் தண்ணீரை எங்கே அனுப்புவது? பழைய வடிகால்களையும் மழைநீர்ச் சேகரிப்பையும் மீட்டெடுத்தது அங்கே நடந்த திருப்பணியின் முக்கியமான பகுதி. அந்தத் திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது.

மங்களூர் ஓட்டின் பூர்விகம் பிரான்ஸ்!

ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் ஓட்டுக்கு 1841இல் காப்புரிமை வாங்கியவர்கள் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ழிலார்தோனி சகோதரர்கள். பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. பிறகு இந்த வகை ஓடு நம் ஊர் ஓடாகவே ஆகிவிட்டது. வெயிலில் கொட்டகை குளுமையாக இருக்கும், ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆனால் சரிவு நன்றாக வேண்டும். படுக்கையாகப் போட்டால் சாரல் ஏறி உள்ளே வந்துவிடும்.

கீற்றுக்கு வேறொரு ஆபத்து

குளுமைக்குக் கீற்றை அடிக்க ஆள் இல்லை. நல்ல சரிவாக வேய்ந்தால் மழையும் தாங்கும். ஆனால் 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் மாடிக் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அங்கேயும் கீற்றுக் கூரைதான். மின்சார வயர் போகும் கொட்டகைக்குக் கீற்று வேண்டவே வேண்டாம்.

தகரத்துக்கு மடிப்பு ஏன்?

ஒரு தாளை நீட்டிப் பிடித்தால் தொங்கிவிடும். விசிறி மாதிரி மடித்தால் விறைத்து நிற்கும். தகர ஷீட்டின் ரகசியமும் அதுவே! 1829இல் லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பால்மர் நெளி இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். துருவுக்கு மருந்தாகத் துத்தநாகப் பூச்சை 1837இல் கொண்டுவந்தவர் பிரான்சின் ஸ்தானிஸ்லாஸ் சொரேல். 1972இல் அமெரிக்காவில் 55 சதவீதம் அலுமினியம் கலந்த பூச்சு விற்பனைக்கு வந்தது. இன்று கடையில் 'கால்வால்யூம்' என்கிறார்களே, அதுதான்.

கடைக்காரர் 0.50 மி.மீ. என்றால், அது பூச்சும் பெயின்ட்டும் சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்று கேளுங்கள். 'ஏஇசட் 150' என்று போட்டிருந்தால், இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு என்று அர்த்தம்.

ஆஸ்பெஸ்டாஸ் இன்னுமா?

ஆஸ்பெஸ்டாஸ் இழை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் அடித்துச் சொல்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. நம் ஊரில் இன்னும் விற்கிறது! பழைய ஷீட் இருந்தால் உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், காய்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள். தூசிதான் எமன்.

மழையே இல்லாமல் ஒழுகும் கூரை!

மார்கழி விடியலில் தகரக் கொட்டகைக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வானத்தில் ஒரு மேகம் இல்லை! ராத்திரி முழுக்க வெப்பத்தை இழந்து ஷீட் சில்லிட்டுப் போகிறது. உள்ளே இருக்கும் ஈரக் காற்று அதன் அடியில் பட்டுத் தண்ணீராகிறது. ஓட்டையைத் தேடிச் சீலன்ட் பூசிப் பயனில்லை. எதிரெதிர்ச் சுவர்களின் உச்சியில் காற்று போக இடைவெளி விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஷீட்டைத் தின்பது மழை மட்டுமா?

ஷீட்டில் ஸ்க்ரூ இறக்கும்போது சுருள் சுருளாக இரும்புத் தூள் விழும். அதை அப்படியே விட்டுவிட்டால் பனி பட்டதும் ஷீட்டெல்லாம் பழுப்புப் புள்ளி. வேலை முடிந்த அன்றைக்கே பெருக்கித் தள்ளச் சொல்லுங்கள். ஷீட்டும் சுவரும் சேரும் இடத்தில் ஈரச் சிமென்டை அப்பவே அப்பாதீர்கள். அதன் காரம் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரித்துவிடும். அங்கே மடித்த தகடுதான் சரி.

நெளி ஷீட்டில் தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். அதனால் ஸ்க்ரூ மேட்டில் இருக்கட்டும். ரப்பர் வாஷர் லேசாக அமுங்கினால் போதும். பிதுங்கும்வரை முறுக்கினால் நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே வெடித்துவிடும்.

ஆடிக் காற்றில் அம்மி மட்டுமா பறக்கும்?

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று ஆடி மாதம் திருச்சியை ஒரு கை பார்க்கும். கூரைமேல் ஓடும் காற்று ஷீட்டை அமுக்குவதைவிட மேலே இழுப்பதுதான் அதிகம்! ஓரத்திலும் மூலையிலும் இழுப்பு பலமாக இருக்கும். அங்கே ஸ்க்ரூ நெருக்கமாக வேண்டும். ஷீட் சட்டத்தைப் பிடித்திருந்தால் போதாது, சட்டம் தூணையும் தூண் தரையையும் பிடித்திருக்க வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது?

உர மூட்டைக்கும் மோட்டாருக்கும் கலர் கோட்டிங் போட்ட கால்வால்யூம் ஷீட் போதும். உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பீர்கள் என்றால் நல்ல சரிவோடு ஓடு. வெளிச்சம் வேண்டுமானால் நடுவில் ஒரு பாலிகார்பனேட் ஷீட். வெயிலைத் தாங்கும் பூச்சு பெரும்பாலும் அதில் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் மேலே வர வேண்டும்.

துவாக்குடிப் பக்கம் பெல் தொழிற்சாலையைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. எங்கே கொடுத்தாலும் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். 10 அடி நீளத்துக்குக் குறைந்தது 1 அடி வாட்டம், மேலே கீழே ஷீட் சேரும் இடத்தில் தாராளமாக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றம், சுவரைத் தாண்டி ஒரு அடி நீட்டம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் சுமாரான ஷீட்டும் பல வருஷம் உழைக்கும். இல்லையென்றால் கடையிலேயே விலை கூடிய ஷீட்டும் முதல் மழைக்கே ஒழுகும்!

பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் ஒரு வேலை பாக்கி. ஒருவரை மேலே ஏற்றி உச்சியிலிருந்து நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே நின்று ஒவ்வொரு ஸ்க்ரூவாக அண்ணாந்து பாருங்கள். ஒழுகினால் ஆள் இன்னும் மேலேதான் இருக்கிறார், அப்போதே சரிசெய்துவிடலாம். இதையெல்லாம் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்!