ஊட்டி வரை வலிக்காமல் மிதிக்க

மைசூரிலிருந்து ஊட்டிக்குச் சாலை வழியே சுமார் 125 கிலோமீட்டர். நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை தாண்டினால் பந்திப்பூர்க் காடு. தெப்பக்காட்டில் மசினகுடிப் பக்கம் திரும்பினால் 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் கல்லட்டி மலைப்பாதை காத்திருக்கும். 2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீல்கிரீஸ்’ சைக்கிள் பயணத்தில் வருபவர்கள் இந்தப் பாதையில்தான் மூச்சிரைக்க ஏறுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் பந்தய வீரர்கள் அல்ல; வார நாட்களில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். ஒரு நாளில் நூறு கிலோமீட்டர் மிதித்துவிட்டு, மறுநாள் காலை மறுபடியும் சீட்டில் ஏறி உட்கார அவர்களால் எப்படி முடிகிறது?

சைக்கிளில் உடம்பு படும் இடங்கள் சீட், ஹேண்டில்பார், பெடல் ஆகிய மூன்றுதான். நீண்ட பயணத்தில் வரும் வலிகளில் பெரும்பாலானவை இவற்றில் ஏதோ ஒன்றில் தொடங்குபவை.

புதிதாக ஓட்ட வருபவர் முதலில் வாங்குவது மெத்தென்ற ஜெல் சீட் கவர். பத்து கிலோமீட்டர் வரை சொகுசாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வினை. உள்ளங்கையைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தால் இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முண்டுகள் தட்டுப்படும். உடம்பின் எடையைத் தாங்க வேண்டியவை அவைதான். மெத்தென்ற சீட்டில் அவை அமிழ்ந்துபோக, நடுவிலுள்ள ஜெல் மேலெழும்பி, நரம்புகளும் ரத்தக் குழாய்களும் ஓடும் மென்மையான பகுதியை அழுத்துகிறது. மரத்துப்போவது இதனால்தான். நெடுந்தூரம் ஓட்டுபவர்களின் சீட் பார்ப்பதற்குக் கட்டாந்தரையாகத் தெரிவதன் ரகசியமும் இதுவே. மென்மையைவிட அகலம் முக்கியம். இரண்டு முண்டுகளுக்கும் இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குப் பொதுவாகச் சற்று அதிகம். அலைமடிப்பு அட்டை ஒன்றின்மேல் அழுந்த உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் விழும். அவற்றின் இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போகலாம்.

இங்கிலாந்தில் குதிரைச் சேணம் செய்துவந்த ஜான் பௌல்ட்பீ புரூக்ஸ் 1882இல் தோல் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தடித்த தோல் அது. ஓட்ட ஓட்ட ஓட்டுபவரின் உடம்புக்கேற்பத் தானே பள்ளம் விழும். அந்த வகைச் சீட் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

பஞ்சு வைத்த சைக்கிள் நிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குள் ஜட்டி போடக் கூடாது. தையல் விளிம்பு தொடையில் உரசிப் புண்ணாக்கிவிடும் என்பதால்தான் அந்த நிக்கரே வந்தது. கூச்சத்தில் இரண்டையும் போட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கியதன் பயன் அங்கேயே போய்விடும்.

அடுத்தது முழங்கால். நம் ஊர்களில் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைப்பது வழக்கம். கடைத்தெருவுக்குப் போய்வர அது போதும். தொலைதூரத்தில் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் சிப்பி தொடையெலும்போடு அழுந்துகிறது. வலி முன்பக்கம் வரும். சீட் அதிக உயரமானாலோ இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். எளிய சோதனை இது: சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக, 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். மைசூர் மாநகராட்சி 2017 ஜூனில் தொடங்கிய ‘ட்ரின் ட்ரின்’ போன்ற வாடகை சைக்கிளை எடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். முந்தைய ஆளின் கால் நீளம் நமக்குப் பொருந்த வேண்டும் என்று சட்டமா என்ன?

மைசூரை ஒட்டிய சாமுண்டி மலையில் முழங்காலைக் கெடுப்பது பெரும்பாலும் வீம்பு. நகரத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் ஏற்றம். கனமான கியரில் திணறித் திணறி மிதிப்பதைவிட, லேசான கியருக்கு மாற்றிக் காலை வேகமாகச் சுழற்றுவது மூட்டுக்கு நல்லது. சமதளத்தில் பழகியவர்கள் நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதிப்பார்கள்.

கைவலி வேறு கதை. சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மட்டும் மரத்துப்போனால், மணிக்கட்டருகே உள்ளங்கைக்குள் நுழையும் நரம்பு ஒன்று ஹேண்டில்பாரில் நசுங்குகிறது என்று பொருள். அது நுழையும் குறுகிய வழியை 1861இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் குயோனின் பெயரே அதற்கு வழங்குகிறது. முழங்கையைச் சற்று மடக்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றினால் பெரும்பாலும் தேவலையாகும். ஆனால் உண்மையான குற்றவாளி பல நேரம் சீட்டின் மூக்குதான். அது கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னே வழுக்கிவர, எடையைக் கைகள் தாங்க வேண்டியதாகிறது. விரல்கள் நாள்கணக்கில் மரத்தே இருந்தால் மருத்துவரைப் பார்ப்பதே வழி.

2023 ஆகஸ்ட் முதல் பெங்களூரு–மைசூர் விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் சைக்கிளுக்கு இடமில்லை; சர்வீஸ் ரோடுதான் கதி. அங்குள்ள மேடுபள்ளத்தில் அதிர்வை விழுங்குவது டயருக்குள் இருக்கும் காற்று. ஸ்காட்லாந்துக்காரரான கால்நடை மருத்துவர் டன்லப் 1888இல் காற்றடித்த டயரைக் கொண்டுவந்ததே தன் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக. ஆனால் டயர் கல்லாக இறுகும் வரை காற்றடிப்பவர்கள் அதன் பயனைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். சற்று அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் கை, முதுகு இரண்டுக்குமே ஆறுதல்.

இந்த மாற்றங்களை எல்லாம் ஒரே நாளில் செய்துவிட்டு ஊட்டிக்குக் கிளம்பக் கூடாது. மைசூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் சோதனைக்குத் தோதான தூரம். சீட் உயரத்தை அரை சென்டிமீட்டர் மட்டும் மாற்றி, பழைய இடத்தைச் சீட் கம்பியில் டேப்பால் குறித்துவைத்துப் போய்வரலாம். சீட்டைத் தளர்த்தி இறுக்கச் சட்டைப்பையில் ஆலன் கீ ஒன்று போதும்.