ஓமத்தின் வாசம்

தொட்டியில் நிற்கும் ஓமவல்லியில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கிப் பாருங்கள். தடித்த, பூனைமுடி படர்ந்த இலை. விரலில் ஒட்டும் வாசனை, அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் ஓமத்தின் வாசனையேதான். செடிக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். சில வீடுகளில் அதைக் கற்பூரவல்லி என்பார்கள்.

ஆனால் இரண்டுக்கும் உறவே கிடையாது. ஓமம் சீரகம், கொத்தமல்லியின் இனம். ஓமவல்லி துளசி, புதினாவின் இனம். எங்கோ பிரிந்துபோன இரண்டு குடும்பங்கள் தனித்தனியே ஒரே வகை வேதிப்பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஓமத்தில் தூக்கலாக இருப்பது தைமால். ஓமவல்லியில் சில செடிகளில் தைமால், பலவற்றில் அதன் உடன்பிறப்பான கார்வக்ரால். இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் மட்டும்தான் வேறு.

செடி இதை நமக்காகச் செய்யவில்லை. பூஞ்சையும் பூச்சியும் அண்டாமலிருக்கச் செய்துகொள்கிறது. தைமால் நுண்ணுயிரின் மேலுறையைக் குலைக்கும். உள்ளிருப்பது வெளியே கசிந்துவிடும். இலை மயிர்களின் நுனியிலும், ஓம மணிக்குள் ஓடும் மெல்லிய குழல்களிலும் அந்த எண்ணெய் அடைபட்டிருக்கிறது. கசக்கும்போது உடைவது அவைதான்.

இந்தத் தைமால் ஒரு காலத்தில் பெரிய மருந்து. முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாக வடிக்கப்பட்டது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் வெறுங்காலோடு நடந்தவர்களின் ரத்தத்தை உறிஞ்சிய கொக்கிப்புழுவை ஒழிக்க, 1909-இல் தொடங்கிய ராக்ஃபெல்லர் ஆணையத்தின் இயக்கத்தில் அதைத்தான் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 4 கிராம். மருந்து சாப்பிடும் நாளில் எண்ணெய்ப் பண்டமும் மதுவும் தொடவே கூடாது; தொட்டால் மருந்து உடலில் அதிகமாக ஏறி உயிருக்கே ஆபத்து.

இப்போது நம் அடுப்படிக்கு வருவோம். ஒரு தேக்கரண்டி ஓமம் சுமார் 2 கிராம். 100 கிராம் ஓமத்தில் எண்ணெய் 2 முதல் 4 கிராம். அந்த எண்ணெயில் ஏறத்தாழ பாதி தைமால். கணக்குப் போட்டால் ஒரு தேக்கரண்டியில் 20 முதல் 40 மில்லிகிராம் தைமால். அன்றைய புழு மருந்தில் மிஞ்சிப்போனால் நூறில் ஒரு பங்கு! ஓமப்பொடியும் ஓமத்தண்ணீரும் நம்மை மிரட்டாமல் வயிற்றுக்கு இதமாக இருப்பதற்குக் காரணம் இந்தச் சிறிய அளவுதான்.

அதனால்தான் குப்பியில் வரும் ஓம எண்ணெயைக் கண்டால் எனக்குக் கவலை. ஓரிரு சொட்டிலேயே ஒரு தேக்கரண்டி ஓமத்தின் எண்ணெய் அடங்கிவிடும். ‘இயற்கைதானே’ என்று கைக்குழந்தையின் வாயில் விடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஆய்வகத் தட்டில் கிருமி சாவதை மட்டும் வைத்துக்கொண்டு, நெஞ்சுச் சளிக்கு இதுவே போதும் என்று மருத்துவரைத் தள்ளிப்போடுவதும் கூடாது.

ஓமத்தண்ணீர் வைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. தைமால் தண்ணீரில் கொஞ்சமே கரையும். ஆவியோடு சேர்ந்து பறந்துவிடும். திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் வாசனை கூடத்துக்குத்தான் போகும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஓமத்தைப் போட்டு, தட்டால் மூடி, பத்து நிமிடம் விடுங்கள். தட்டின் அடியில் முத்து முத்தாகக் கோத்திருக்கும் நீரையும் பாத்திரத்திலேயே வழித்து விடுங்கள்.