ஆழாக்கும் கிலோவும்

ஊரிலிருந்து வரும் சமையற்குறிப்பு "ஓர் ஆழாக்கு" என்கிறது. புணேக் கடைக்காரரோ கிலோவில் நிறுத்துத் தருகிறார். நம்மில் பலர் இடறுவது இங்கேதான். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது நாம் அறிந்ததே. மராத்தியரிடமும் இத்தகைய முகத்தலளவை வழங்கிற்று: நான்கு சேர் ஒரு பாயலி, கால் சேர் ஒரு சிப்டே. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் நிறைகள் படிப்படியாகப் புகுந்தன. கடையிலிருந்து ஆழாக்கு மறைந்தது, அடுக்களையிலிருந்து மறையவில்லை.

ஆழாக்கு அளப்பது கொள்ளளவை. தராசு அளப்பது எடையை. 200 மில்லிலிட்டர் கொள்ளும் ஆழாக்கில் அரிசி ஏறக்குறைய 165 கிராம் நிற்கும். உளுத்தம்பருப்பும் அதை ஒட்டியே வரும். ஆகவே இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்ற கணக்கு, கிலோவிலும் பெரிதும் பிசகாது. அரிசி மாவின் கதை வேறு. அதே ஆழாக்கில் 120 கிராம் அளவே நிற்கும். எல்லாவற்றையும் 200 கிராம் என்று கொண்டால் வெல்லத்துக்கு மாவு மிஞ்சி, தீபாவளி அதிரசம் கல்லாகும். எங்கள் வீட்டில் ஓராண்டு அப்படியே ஆயிற்று!

பழைய படிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டவை. எனவே நம் வீட்டு ஆழாக்கையே, கோபுரமாகக் குவிக்காமல் தலைதட்டி அளந்து, ஒவ்வொரு பண்டத்தையும் ஒருமுறை நிறுத்துக் குறித்துக்கொள்வோம். உப்பையும் மறக்க வேண்டாம்: ஒரு கரண்டி பொடியுப்பு, ஒரு கரண்டி கல்லுப்பைவிட எடை மிகுந்தது.