இணையவழித் தொலைபேசி: வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசத் தொடங்குவோர்க்கு

முள்ளுக்குறிச்சி கொல்லிமலையின் அடிவார ஊர். காரவள்ளியிலிருந்து மலைமேல் உள்ள செம்மேட்டுக்குச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மாத்திரையின் அளவு பற்றிய ஒரு சிறு ஐயத்தைக் கேட்பதற்காக, மலைவாழ் முதியவர் ஒருவர் துணையுடன் இறங்கி வந்து திரும்பினால் ஒரு நாள் கழிந்துவிடும். துணைக்கு வந்தவரின் கூலியும் போய்விடும். கைப்பேசியில் கேட்கலாம் என்றாலோ, கோபுரத்திலிருந்து வரும் அலைகளை மலைச்சரிவுகள் பல இடங்களில் மறைத்துவிடுகின்றன. வீட்டில் இணைய இணைப்பு இருந்தால் இந்தக் குறையைப் பெரிதும் தவிர்க்கலாம்.

மூன்று வழிகள்

முதலாவது, வைஃபை அழைப்பு. நம் நாட்டில் 2019 டிசம்பரில் இது அறிமுகமானது. இவ்வசதி உள்ள கைப்பேசியில், அமைப்புகள் பகுதிக்குச் சென்று ‘வைஃபை காலிங்’ என்பதை இயக்கினால் போதும். கோபுர சமிக்ஞை வலுவாக இல்லாதபோதும், உங்கள் வழக்கமான எண்ணிலிருந்தே வீட்டு வைஃபை வழியாகப் பேசலாம்.

இரண்டாவது, வாட்ஸ்அப் போன்ற செயலிகள். முகம் பார்த்துப் பேச இவை உதவும். ஆனால் எதிர்முனையில் இருப்பவரிடமும் அதே செயலி இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஃபைபர் இணைப்புடன் வரும் வீட்டுத் தொலைபேசி. ஃபைபர் மோடத்தில் சாதாரணத் தொலைபேசிக் கருவியைச் செருகிப் பேசலாம். தொடுதிரை பழகாத பெரியவர்களுக்கு இதுவே எளிது.

குரல் அழைப்புக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் வேகம் போதும். காணொளிக்கு ஒரு மெகாபிட் அளவாவது வேண்டும். காணொளி தடைப்பட்டால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலில் தொடருங்கள்.

அரசின் இலவச ஆலோசனை

2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நெறிமுறைகளை நடுவண் அரசு வெளியிட்டது. அடுத்த மாதமே இ-சஞ்சீவனி புறநோயாளர் சேவை தொடங்கியது. கைப்பேசி எண்ணைப் பதிவு செய்து, வரும் ஓடிபியை உள்ளிட்டு, டோக்கன் பெற்றுக் காத்திருந்தால் மருத்துவர் காணொளியில் வருவார். கட்டணம் இல்லை. மருந்துச் சீட்டும் கைப்பேசிக்கே வந்துவிடும். போதை தரும் சில மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதித் தர நெறிமுறைகள் இடம் தருவதில்லை. அவற்றுக்கு நேரில்தான் வர வேண்டும்.

அழைக்கும் முன் அண்மைய இரத்த அழுத்த, சர்க்கரை அளவுகள், உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகள், முந்தைய மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வெளிச்சம் நோயாளியின் முகத்தில் விழும்படி அமரச் செய்யுங்கள். காது மந்தமானவர் எனில் உடனிருப்பவர் மருத்துவர் கூறியதை எழுதிக்கொண்டு, திரும்பப் படித்துக் காட்டுவது நல்லது.

மின்தடையின்போது

பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. அதனால் ஊர் முழுதும் இருண்டாலும் அது ஒலித்தது. ஃபைபர் மோடத்துக்கு உங்கள் வீட்டு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் இணையமும் நிற்கும், அதைச் சார்ந்த தொலைபேசியும் நிற்கும். மோடத்துக்கென விற்கப்படும் சிறு மின்கலச் சேமிப்பானை வாங்கிப் பொருத்துவது நோயாளி உள்ள வீட்டுக்குத் தேவையான செலவு.

எப்போது காத்திருக்கக் கூடாது?

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, பாம்புக்கடி, திடீரென வாய் கோணுதல், கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுக்குக் காணொளி ஆலோசனை பொருந்தாது. மூளை இரத்தக்குழாய் அடைப்பில் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். டோக்கனுக்குக் காத்திருக்கும் நேரமும் அதில் கழியும். உடனே 108-ஐ அழையுங்கள். வாட்ஸ்அப் வழியாக அந்த எண்ணை அழைக்க இயலாது. ஆகவே உங்கள் வீட்டிலோ அருகிலோ சாதாரண சமிக்ஞை எந்த இடத்தில் கிடைக்கிறது என்று இன்றே கண்டறிந்து, வீட்டிலுள்ள அனைவர்க்கும், சிறுவர்க்கும்கூடச் சொல்லி வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல, ஊர்ப் பெயரையும் அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயரையும் தொலைபேசி அருகே எழுதி ஒட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை

ஆலோசனை பெற நீங்களே செயலியில் ஓடிபி உள்ளிடுவது வேறு. யாரேனும் அழைத்து அதைச் சொல்லும்படி கேட்பது வேறு. மருத்துவர் எவரும் வங்கி எண்ணையோ ஓடிபியையோ கேட்க மாட்டார். கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் அளியுங்கள்.

நோயாளி நலமாக இருக்கும் ஒரு நாளில், வெளியூரில் உள்ள உறவினரை அழைத்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள். குரல் தெளிவாகக் கேட்கிறதா, முகம் தெரிகிறதா, மின்சாரத்தை நிறுத்தினாலும் இணைப்பு நிற்காமல் இருக்கிறதா என்று சோதியுங்கள். பதற்றமான வேளையில் புதிதாகக் கற்றுக்கொள்ள எவராலும் இயலாது.