ஆச்சாவும் பலாவும் சேர்ந்த வளையல்

கட்டையும் கையும் – 9

கைவினைக் கண்காட்சியில் மர வளையல் விற்கும் கடை முன்னால் சற்று நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும்: “இது ஒரே கட்டையில செஞ்சதா, ஒட்டினதா?” ஒட்டியது என்று கடைக்காரர் சொன்னால், கையில் எடுத்த வளையலை வாங்க வந்தவர் மெல்லக் கீழே வைத்துவிடுகிறார். ஒட்டு என்றாலே மட்டமான சரக்கு என்று நமக்குள் பதிந்துபோயிருக்கிறது. வீட்டு அலமாரியில் பிளைவுட் உப்பிப் பிரிந்ததைப் பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் வளையலுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஒரே பலகையில் குடைந்தெடுத்த மெல்லிய வளையல்தான் முதலில் உடைகிறது. இரண்டு நிற மரங்களை முறையாக ஒட்டிக் கடைந்த வளையல் தாங்குகிறது. அழகுக்காகச் சேர்த்தது போலத் தெரியும் அந்த இரண்டு நிறங்களுக்கு நடுவில் ஓடும் கோட்டில்தான் அதன் பலம் இருக்கிறது.

காரணம் மரத்தின் நார். மரம் நாரின் திசையில் தாங்கும் இழுவிசை, நாருக்குக் குறுக்கே தாங்குவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். விறகு பிளக்கிறவர் கோடரியை எந்தப் பக்கம் இறக்க வேண்டும் என்று யோசிப்பதே இல்லை. கை தானாக நார்வாக்கில் போகும். இப்போது ஒரு பலகையில் வட்டமாக வளையலை அறுத்து எடுங்கள். நார் நேர்கோட்டில் ஓடுகிறது. வளையல் வட்டமாக வளைகிறது. வட்டத்தின் இரு பக்கங்களில் நாரும் வளையலும் ஒரே திசையில் போகும். அங்கே கவலையில்லை. மற்ற இரண்டு இடங்களில் வளையல் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அங்கே நாரின் நீளம், வளையலின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான், ஐந்தாறு மில்லிமீட்டர். கை நுழையும்போது வளையல் இம்மி அகலப் பார்க்கும், அந்த இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்கும். உடைந்த மர வளையல்களை வாங்கிப் பாருங்கள், பெரும்பாலும் எதிரெதிரான அந்த இரண்டு இடங்களில்தான் முறிவு இருக்கும். கிளையைக் குறுக்கே வட்டு வட்டாக நறுக்கி, நடுவில் ஓட்டை போட்டுச் செய்வது இன்னும் மோசம். மரம் காயக் காய ஆரவாக்கில் சுருங்குவதைவிடச் சுற்றுவாக்கில் அதிகமாகச் சுருங்கும். ஏதோ ஓரிடத்தில் வெடிப்பு விட்டே தீரும்.

இதற்கு வழி, வளையலின் சுற்றோடு நாரையும் சுற்ற வைப்பது. நாரை வளைக்க முடியாவிட்டால் சிறு துண்டுகளாக்கிச் சுற்றி அடுக்கலாம். பன்னிரண்டு துண்டுகள், ஒவ்வொன்றிலும் நார் நீளவாக்கில். எல்லாம் சேர்ந்தால் வட்டத்தின் எந்த இடத்திலும் நார் கிட்டத்தட்ட வட்டத்தோடே போகும். துண்டு துண்டாகச் செய்வதென்று ஆன பிறகு எல்லாத் துண்டும் ஒரே மரமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கருப்பும் மஞ்சளும், சிவப்பும் வெளுப்பும் அங்கேதான் உள்ளே வருகின்றன.

நிறமாறுபாட்டுக்கு நம் பக்கத்து மரங்களில் பஞ்சமே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காலி நகரத் தச்சர்கள் கருங்காலி மேசைகளின் மேற்பலகையில் அந்தத் தீவின் பலவகை மரங்களைத் துண்டு துண்டாகப் பதித்து, நடுவிலிருந்து கதிர் விரிவதுபோல் அமைத்தார்கள். பொன்னிற முதிரை, வரிவரியான கலமாந்தர், பழுப்புப் பலா எல்லாம் ஒரே மேசையில். ஐரோப்பியர்கள் அவற்றை ஆசையாக வாங்கிப்போனார்கள். அந்தக் கலமாந்தர் மரம் அளவுக்கு மீறி வெட்டப்பட்டு, அதே நூற்றாண்டிலேயே அரிதாகிவிட்டது. அழகான மரத்துக்கு அழகே எமனாகும் கதை இன்றும் நடக்கிறது. ஈட்டி இனம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் இருக்கிறது. ஆந்திரத்துச் சேஷாசலம் மலையின் செம்மரம் 1995 முதல் அதே பட்டியலில். ஈட்டிக்கென்றே தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டம் வந்தது. வளையல் செய்யக் கைப்பிடி அளவு மரம் போதும் என்பது உண்மைதான். அந்தக் கைப்பிடி எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் கைவினைஞரின் வேலை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதனால்தான் எனக்கு ஆச்சாவும் பலாவும் பிடித்த ஜோடி. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைகிறவர்கள் ஆச்சா மரத்தில்தான் கடைகிறார்கள். அதுவும் புது மரமில்லை. இடித்த பழைய வீடுகளின் தூண், உத்திரம் என்று பல பத்தாண்டுகள் காய்ந்து, நடுங்காமல் நின்ற மரம். இந்தியாவின் மிகக் கனமான மரங்களில் ஒன்று அது. சீவினால் ஊதா ஓடிய கரும்பழுப்பு தெரியும். அந்த நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலாவோ வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம். குடம் குடைந்து எடுத்த பிறகு மிஞ்சும் சிறு கட்டைகள் அடுப்புக்குத்தான் போகின்றன. ஒரு வளையலுக்கு வேண்டிய துண்டுகளில் பெரியதே இருபத்தோரு மில்லிமீட்டர் நீளம்தான். அடுப்புக்குப் போகும் கட்டையில் ஒரு கல்யாண வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் வளையல் இருக்கிறது.

பழைய உத்திரத்தை ரம்பத்தில் வைக்கும் முன் காந்தத்தை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். தலை உடைந்த ஆணிகள் உள்ளே புதைந்திருக்கும். ஒன்று போதும், ரம்பத்தின் பல் போய்விடும். அடுத்து, வெளித்தோலைச் சீவி எறிய வேண்டும். காற்றும் புகையும் பட்டுக் கெட்டியான பழைய மேற்பரப்பில் பசை பிடிக்காது. இழைப்புளி போட்ட அன்றே ஒட்டுவது நல்லது.

அளவுக்கு வருவோம். துண்டுகளை அறுத்தெடுக்கும் பட்டையின் அகலம் 12 மில்லிமீட்டர், கனம் 6. பன்னிரண்டு துண்டு சேர்ந்து 360 பாகை என்றால் ஒன்றுக்கு 30; இரண்டு முனையிலும் 15 பாகை சாய்த்து அறுக்க வேண்டும். கேட்கச் சுலபம். ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் பாகையில் பத்தில் ஒரு பங்கு தவறினால், இருபத்து நான்கு வெட்டுக்குச் சேர்ந்து 2.4 பாகை. கடைசி இணைப்பில் உள்பக்கம் முட்டிக்கொண்டு வெளிப்பக்கம் அரை மில்லிமீட்டர் வாய் திறந்து நிற்கும். கருப்பு மரத்துக்கும் மஞ்சள் மரத்துக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் பசை தெரிந்தால் அதை எந்தப் பாலிஷும் மறைக்காது.

அனுபவப்பட்டவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆறு ஆறு துண்டாக இரண்டு அரைவட்டம் ஒட்டுகிறார்கள். இரண்டையும் இன்னும் சேர்ப்பதில்லை. தட்டையான கண்ணாடியில் உப்புத்தாளை ஒட்டி, அரைவட்டத்தின் இரண்டு முனைகளையும் ஒன்றாக அதன் மேல் நிற்க வைத்துத் தேய்க்கிறார்கள். எத்தனை வெட்டு தவறியிருந்தாலும் மொத்தத் தவறும் அந்த இரண்டு முனைகளில் வந்து சேர்ந்திருக்கும். அங்கே தேய்த்தால் எல்லாம் நேராகிவிடும். வட்டம் மயிரிழை கோணும்தான். கடைசலில் ஏற்றியதும் அதுவும் போய்விடும்.

இத்தோடு நின்றால் வளையல் இன்னும் பலவீனம்தான். துண்டின் முனையோடு முனை ஒட்டும் ஒட்டு, பக்கத்தோடு பக்கம் ஒட்டும் ஒட்டின் அளவுக்குத் தாங்காது. நார்க்குழாய்களின் வாய் திறந்திருக்கும் முனை பசையை உறிஞ்சிவிடும்; இடையில் நிற்க வேண்டிய பசை நிற்காது. அதனால் முனைகளில் ஒருமுறை பசை தடவி, அது ஊறியதும் மறுபடி தடவி ஒட்ட வேண்டும். அதைவிட முக்கியம், ஒரே வளையமாக விடாமல் மூன்று வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது. கீழே ஆச்சா, நடுவில் பலா, மேலே ஆச்சா. நடு வளையத்தைப் பதினைந்து பாகை திருப்பி வைக்க வேண்டும். செங்கல் சுவரில் கொத்தனார் மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் அடுக்குவதுபோல, பலாவின் ஒவ்வொரு மூட்டுக்கும் மேலும் கீழும் முழு ஆச்சாத் துண்டு வந்து பிடித்துக்கொள்ளும். இப்போது வளையல் பிரிய வேண்டுமென்றால் நாரே அறுந்தால்தான் உண்டு.

மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். அதிலும் நாருக்குக் குறுக்கேதான் அந்த அசைவு. நீளவாக்கில் ஏறக்குறைய இல்லை. துண்டு வளையத்தில் நார் சுற்றிலும் ஓடுவதால் வளையலின் உள்ளளவு மாறாது, கனத்தில்தான் துளி கூடிக் குறையும். ஆச்சாவும் பலாவும் வேறு வேறு அளவில் அசைந்தாலும் ஒன்றையொன்று பிடித்து இழுக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். பசை, நீர் தாங்கும் வகையாக இருக்கட்டும். வளையல் வியர்வையிலும் பாத்திரம் தேய்க்கும் தண்ணீரிலும் நாள் முழுக்க இருக்கப்போகிறது. ஈட்டி, கருங்காலி போன்ற எண்ணெய்ப்பசையுள்ள மரமானால், ஒட்டும் முகத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, எண்ணெய் மறுபடி மேலே வருவதற்குள் எபாக்சி போட்டு ஒட்டிவிட வேண்டும்.

கடைசலில் முதலில் உள்பக்கம். இங்கே வளையல் அளவைத் தெரிந்துகொள்ளாமல் உளியைத் தொடக் கூடாது. கடையில் 2.4, 2.6 என்று சொல்கிறோமே, புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் இல்லை. அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு அது. 2.4 என்பது இரண்டேகால் அங்குலம், 57.2 மில்லிமீட்டர். 2.6 என்றால் 60.3. 2.8 என்பது இரண்டரை அங்குலம், 63.5. 2.10 வரும்போது 66.7. ஒரு படிக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் கை ஏறுவதும் ஏறாததும் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

கும்பகோணம் பக்கத்துக் கடைசல் பட்டறை ஒன்றில் வயதான ஓர் அம்மா பேத்திக்கும் தனக்கும் அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு 2.6 தான் தம்பி. எப்பவும் அதான் போடுறேன்.”

“அது கண்ணாடி வளையல்ம்மா, மெல்லிசு. இது அகலம். 2.8 வச்சுக்கோங்க, இல்லேன்னா கழட்டுறப்ப அவஸ்தைப்படுவீங்க. கட்டைவிரலை உள்ள மடக்குங்க, சுண்டுவிரல் பக்கம் சேருங்க.”

மடக்கிய கையின் மிகப் பருத்த இடத்தில், முட்டிகளைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை விட்டு, சேரும் இடத்தில் கடைசல்காரர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். 2.6 அளவுக்கு அந்தச் சுற்று 189 மில்லிமீட்டர். அந்த அம்மாவின் பட்டை அதைத் தாண்டியிருந்தது. மணிக்கட்டை அவர் அளக்கவே இல்லை. வளையல் தங்குவது மணிக்கட்டில் என்றாலும், அதன் அளவைத் தீர்மானிப்பது முட்டிகள்தான். உள்சுவரையும் அவர் நேராக விடவில்லை. இரண்டு ஓரங்களையும் உளியால் உருட்டி, நடுப்பகுதி மட்டும் கையைத் தொடும்படி வைத்தார். நேர்சுவர் வளையல் முட்டியில் கவ்விப் பிடிக்கும். உருட்டியது வழுக்கிக்கொண்டு போகும். அதன் பிறகு வளையலை மரக்குமிழ் ஒன்றின் மேல் இறுக்கமாக ஏற்றி, வெளிப்பக்கத்தைக் கடைந்தார். கடைசியில் சுவர் ஆறு மில்லிமீட்டர் கனத்தில் நின்றது.

கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு நல்ல முகமூடி, இரண்டும் இல்லாமல் இந்த வேலை வேண்டாம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. ஈட்டித் தூள் பலருக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் தரும். பட்டறைகளில் இதைச் சொன்னால் இன்றும் பலர் துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது.

உப்புத்தாள் போடும்போது இரண்டு நிற மரத்துக்கே உரிய தொல்லை ஒன்று வருகிறது. கருமரத்தின் தூள் வெளுப்பு மரத்தின் துளைகளில் போய் அடைந்து, மஞ்சள் பலா அழுக்கேறியதுபோல் ஆகிவிடும். இதைத் தவிர்க்க, கடைசி மெருகை முடிந்தவரை கூரிய உளியாலேயே முடித்து, உப்புத்தாளைக் குறைவாகப் பயன்படுத்துவார்கள். ஒவ்வொரு நம்பருக்குப் பின்னும் காற்றடித்துத் தூளை விரட்டிவிட்டு அடுத்த நம்பருக்குப் போவார்கள். நனைந்த துணியால் துடைப்பது தவறு; தூள் குழம்பாகி இன்னும் ஆழமாக இறங்கும். செம்மரம் சேர்ந்த வளையலென்றால் இன்னொரு எச்சரிக்கை. அதன் சிவப்புச் சாயம் சாராயத்தில் கரையும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷை அதன் மேல் தடவினால் சிவப்பு ஓடிப்போய்ப் பக்கத்து வெள்ளை மரத்தில் ஏறிக்கொள்ளும்.

ஆச்சா-பலாவுக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காய்ந்து படலமாகாது, தூசியைப் பிடித்துக்கொண்டு சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் எறிய வேண்டும்.

புதுப் பலாவின் பளீர் மஞ்சள் அப்படியே நிற்காது. வெளிச்சம் படப்படப் பொன்பழுப்பாகி, பிறகு செம்பழுப்பை நோக்கிப் போகும். ஆச்சா ஏற்கெனவே முதிர்ந்தது, அவ்வளவாக மாறாது. இன்றைக்குக் கண்ணைப் பறிக்கும் மாறுபாடு சில வருடங்களில் அடங்கிவிடும். அந்த அடங்கிய நிறம்தான் எனக்குப் பிடிக்கிறது. பிடிக்காதவர்கள் கருங்காலிக்கு எதிரில் பலாவை வைக்கலாம். பலா எவ்வளவு முற்றினாலும் கருங்காலியின் கருப்பைத் தொடாது.

இனி கண்காட்சியில் மர வளையலை எடுத்தால், ஒட்டா இல்லையா என்று கேட்பதைவிட ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். மேல் வளையத்தின் மூட்டும் நடு வளையத்தின் மூட்டும் ஒன்றுக்கு நேரே ஒன்று வந்திருந்தால் வேண்டாம். தள்ளித் தள்ளி இருந்தால், இரண்டு மரத்துக்கும் இடையே கோடு மயிரிழையாக இருந்தால், கேட்ட விலையைக் கொடுங்கள். ஒவ்வொரு வளையலிலும் முப்பத்தாறு துண்டுகள், எழுபத்திரண்டு வெட்டுகள் இருக்கின்றன.

(அடுத்த வாரம்: வேகவைத்து வளைக்கும் மரம்)